பழைய காரைத் தானம் கொடுத்தால் வரி குறையுமா?

ஆண்டு இறுதி நெருங்கும்போது குனோங் ராபாட் போன்ற வட்டாரங்களில் இந்தப் பேச்சு எழுவதுண்டு. வீட்டு முன் சும்மா நிற்கும் பழைய புரோட்டோனை ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டால் புண்ணியமும் உண்டு, வரியும் குறையும் என்று. புண்ணியம் சரி. வரிச் சலுகை அமெரிக்காவில் உண்டு, இங்கே இல்லை.

மலேசியாவின் 1967 வருமான வரிச் சட்டம், 44(6) பிரிவின்படி, அங்கீகரிக்கப்பட்ட அமைப்புக்குத் தரும் பணத்தையே கழிக்க விடுகிறது. பொருளுக்கும் சலுகை உண்டுதான். ஆனால் மருத்துவமனைக்கு மருத்துவக் கருவி, தேசிய கலைக்கூடத்துக்கு ஓவியம் எனச் சிலவற்றுக்கு மட்டுமே. இல்லத்துக்குத் தரும் கார் அதில் சேராது.

காரை விற்றுப் பணமாகக் கொடுத்தால்? டிசம்பர் 31க்குள் கொடுத்தால் அவ்வாண்டுக் கணக்கில் சேரும். உச்சவரம்பு, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு. ஆண்டுக்கு 60,000 ரிங்கிட் ஈட்டுபவர் கார் விற்ற 8,000 ரிங்கிட்டையும் கொடுத்தாலும் 6,000தான் கழியும். அவர் 6 விழுக்காட்டுப் படியில் இருந்தால் மிச்சம் 360 ரிங்கிட். தோட்டத்திலிருந்து வந்து குறைந்த சம்பளத்தில் வேலை செய்து, வரியே கட்டாதவருக்கு ஒரு சென்னும் இல்லை.

பலர் ஏமாறுவது ரசீதில். சங்கப் பதிவு வேறு, வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் வேறு. எத்தனையோ கோயில்களும் இல்லங்களும் முறையாகப் பதிவு பெற்றவை. அதனால் மட்டும் அவற்றின் ரசீது வரிக்கு உதவாது. அங்கீகார எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ரசீதை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்தவும் வேண்டும்.

வரியை எதிர்பாராமல் காரையே கொடுப்பவர், சாவியோடு நிறுத்திவிடாமல் சாலைப் போக்குவரத்துத் துறையில் பெயரையும் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் சம்மன் பழைய முகவரிக்கே வரும்.