கருவியைச் செய்ய வேண்டியவர் யார்?



நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அறிவியல், புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வென்ற செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. படிக்கும்போது நெஞ்சம் பூரிக்கிறது. ஆனால், அந்தப் பெருமையோடு ஒரு குற்றவுணர்வும் எனக்குள் நெடுநாளாக இருந்து வருகிறது. இன்று அதைச் சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்காகச் செடிகளுக்குத் தானே நீர் பாய்ச்சும் கருவி ஒன்றைச் செய்தோம். ‘செய்தோம்’ என்று எழுதுகிறேன். உண்மையில் செய்தவன் நான்தான். இரவு வெகுநேரம் அமர்ந்து கம்பிகளை இணைத்தவன் நான். நிரலை எழுதியவனும் நான். மாணவர்கள் செய்ததெல்லாம், நான் எழுதிக் கொடுத்த விளக்கவுரையை மனனம் செய்ததுதான். பதக்கம் கிடைத்தது. படமும் எடுத்துக் கொண்டோம்.

ஒரு மாதம் கழித்துக் கருவி பழுதடைந்தது. குழுத் தலைவியை அழைத்து, “எங்கே கோளாறு என்று பாரம்மா” என்றேன். அவள் சற்றும் தயங்காமல், “எனக்குத் தெரியாதுங்க ஐயா, நீங்கதானே செஞ்சீங்க” என்றாள். அவள் குரலில் குறை கூறும் தொனியே இல்லை. உள்ளதைச் சொன்னாள். அந்தச் சொல் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, எங்கள் நூல்நிலையத்தில் கதைப்புத்தகங்கள் மீது பூஞ்சணம் படர்ந்தது. துடைத்து வெயிலில் வைத்தாலும் இரண்டு வாரத்தில் மீண்டும் வந்தது. காற்றில் ஈரப்பதம் தொடர்ந்து 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பூஞ்சணம் எளிதில் வளரும் என்று ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னேன். ஒரு மாணவன் கேட்டான்: “நம்ம நூல்நிலையத்துல எவ்வளவு இருக்குங்க ஐயா?” எனக்கு விடை தெரியவில்லை. “நீங்களே அளந்து சொல்லுங்கள்” என்றேன்.

இம்முறை ஒரு முடிவு செய்தேன். கம்பியை நான் தொடுவதில்லை!

வாங்கிய பொருள்கள் இவைதாம்: ஒரு ஆர்டுயினோ பலகை, டி.எச்.டி 11, டி.எச்.டி 22 என்னும் இரண்டு ஈரப்பத உணரிகள், இரண்டு வரியில் எழுத்துக் காட்டும் சிறு திரை, பற்றவைக்காமலே இணைக்கக்கூடிய துளைப்பலகை, இணைப்புக் கம்பிகள். எல்லாம் சேர்த்து நூறு வெள்ளிக்குள் முடிந்தது. யூ.எஸ்.பி கம்பிவழி வரும் 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவதால் பிள்ளைகள் அச்சமின்றிக் கையாளலாம். ஆர்டுயினோ 2005-ஆம் ஆண்டு இத்தாலியில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் எளிதில் பயன்படுத்துவதற்காகவே உருவாக்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அது எட்டாக்கனியா என்ன?

தொடக்கத்தில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. என் கை பரபரத்தது. கட்டுப்படுத்திக் கொண்டேன். நான்காம் நாள் ஒரு மாணவி, எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகைத் திருப்பிப் பார்த்தாள். எழுத்துகள் தெரிந்தன. அன்று அந்த வகுப்பறையில் எழுந்த ஆரவாரத்தை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் நான் கேட்டதில்லை.

ஆனால், புதிய சிக்கல் முளைத்தது. ஒரே இடத்தில் வைத்த இரண்டு உணரிகளில் ஒன்று 72 என்றது. மற்றொன்று 78 என்றது. “எது உண்மைங்க ஐயா?” என்று கேட்டனர். டி.எச்.டி 11 உணரியில் 5 விழுக்காடு வரை கூடவோ குறையவோ காட்டக்கூடும், டி.எச்.டி 22 உணரியில் அந்தப் பிழை ஏறத்தாழ 2 விழுக்காடு. விலை கூடியதை நம்புங்கள் என்று சொல்லி முடித்திருக்கலாம். அது அறிவியல் ஆகாது.

சமையலறை உப்பே அதற்கு வழி காட்டியது. சிறிது உப்பில் சில துளி நீர் விட்டு ஈர மணல்போல் ஆக்கி, ஒரு மூடியில் இட்டு, காற்றுப் புகாத கொள்கலனுக்குள் உணரிகளோடு வைத்து மூடிவிட வேண்டும். உப்பு உணரியில் படக்கூடாது. நம் நாட்டு வெப்பநிலையில் சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். ஓரிரவு வைத்துவிட்டு மறுநாள் பார்த்தோம். ஒன்று 70 காட்டியது. மற்றொன்று 76 காட்டியது. ஆக, முதலாவதில் 5 கூட்ட வேண்டும். இரண்டாவதில் 1 கழிக்க வேண்டும். நூல்நிலையத்தின் உண்மை அளவு 77. கருவி சொல்வதெல்லாம் உண்மையன்று, அதையும் சோதிக்க வேண்டும் என்பதை எந்தப் பாடநூலாலும் இத்தனை ஆழமாகப் பதிய வைக்க முடியாது.

பிறகு மூன்று வாரம் மணிக்கொரு முறை அளவெடுத்துக் குறித்தனர். காலை ஏழு மணிக்குக் ‘காற்றோட்டத்திற்காக’ நாங்கள் சன்னல்களைத் திறந்த நாள்களில் ஈரப்பதம் 85-ஐத் தாண்டியது. நண்பகலுக்குப் பின் 65-க்கு அருகில் இறங்கியது. குளிர்ந்த காற்றால் குறைந்த நீராவியையே தாங்க முடியும். ஆகவே அதே நீராவிக்குக் குளிர்ந்த வேளையில் விழுக்காடு ஏறுகிறது என்பதை அவர்களே தமிழில் பேசி, வாதிட்டுக் கண்டுபிடித்தனர். இப்போது பதினொரு மணிக்கு மேல்தான், மழையில்லாத நேரத்தில் சன்னல்களைத் திறக்கிறோம். சுவரை ஒட்டியிருந்த அலமாரிகளை ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம். பூஞ்சணம் முற்றாக ஒழியவில்லை; வெகுவாகக் குறைந்திருக்கிறது.

கருவியைப் பார்த்த பெற்றோர் ஒருவர், “சார், இதுக்குப் பதக்கம் கிடைக்குமா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிக் கேட்கப் பழக்கியவர்கள் நாம்தாமே! அட்டைப் பெட்டிக்குள் கம்பிகள் பிதுங்கி நிற்கும் இந்தக் கருவி எந்த நடுவரின் கண்ணையும் கவராது. ஆனால், இதில் எந்தக் கம்பி எங்கே போகிறது, ஏன் போகிறது என்று கேட்டால் ஆறு பிள்ளைகளும் சொல்வார்கள்.

போட்டிகளே வேண்டா என்பது என் கருத்தன்று. போட்டிகளால் நம் பிள்ளைகள் மேடையேறக் கற்றனர். நம் பள்ளிகளின் மீதிருந்த தாழ்வான எண்ணம் மாறியது. ஆனால், பிள்ளைகளின் பெயரில் பெரியவர்கள் செய்யும் கருவி, ‘உன்னால் இது முடியாது’ என்னும் செய்தியைத்தான் அவர்களுக்குச் சொல்லாமல் சொல்கிறது. அதைக் காட்டிலும் பெரிய இழப்பு எது?

நேரமில்லை என்பீர்கள். எனக்கும் இல்லை. வாரம் ஒரு மணி நேரம், மொத்தம் ஒரு பருவம் போதும். மின்னணுவியல் தெரியாதே என்பீர்கள். எனக்கும் பாதிதான் தெரியும். “தெரியவில்லை, வா சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லும் துணிவு இருந்தால் போதும். 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டபோது, இனிப் பிள்ளைகள் செய்து கற்பார்கள் என்று நாம்தான் மகிழ்ந்தோம். அந்த இடத்தைப் பயிற்றி நூல்களால் மீண்டும் நிரப்பிவிட வேண்டா.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து கருவியோடு வந்தால், பரிசு கிடைத்ததா என்று கேட்குமுன், “இதை எனக்கு விளக்கிச் சொல்” என்று கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, அவர்கள் தவறாக இணைக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்றுப் பொறுத்திருங்கள். அது கடினம்தான். நான் இன்னும் பழகிக் கொண்டிருக்கிறேன்.

சிந்திப்போம், செயல்படுவோம்.