முள் குத்தியது என்று சொன்னவர்

போன வாரம் டீக்கடை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். தெரிந்த வீட்டுப் பிள்ளை. கையில் நெற்றியில் கட்டும் பாட்டரி விளக்கு. புதிது. தட்டித் தட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "எதற்கப்பா இது?" என்றேன். சிரித்தான். "சும்மாதான் ஐயா. ராத்திரி தைலமரக் காட்டுப் பக்கம் போனா முசல் கிடக்கும்."

எனக்கு டீ இறங்கவில்லை. முயல் வேட்டை சட்டப்படி குற்றம். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் சரி என்பதே என் கட்சி. ஆனால் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது சட்டம் அல்ல, நான் என் கையால் தட்டச்சு செய்த ஒரு வரி.

1983 பங்குனி என்று நினைவு. அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, குடும்பம் இடம் மாறி, காரைக்குடியில் தமிழில் கோப்பு எழுத வந்தவன். (இரண்டு ஊர்ப் பெயரும் குழம்பி எனக்கு வரவேண்டிய தபால்கள் பட்ட பாடு தனிக் கதை.) என் மனைவி வழியில் தூரத்து உறவு ஒருவர், பக்கத்துக் கிராமம், நாற்பது வயதுக்காரர். எங்கள் பக்கம் சிவராத்திரி கழிந்தால் பாரிவேட்டை என்று கிளம்பும் வழக்கம் அன்றைக்கு இன்னும் பலமாக இருந்தது. அந்தச் சூடு ஆறாமல் நாலைந்து பேராகச் சேர்ந்து ராத்திரியில் வலையும் கம்புமாகப் போயிருக்கிறார்கள். புதருக்குள் கையை விட்டு முயலை இழுக்கக் குனிந்தவருக்குக் கணுக்காலில் சுருக்கென்றது. சீறல் சத்தம் கேட்டதாகக் கூட இருந்தவர் பிறகு சொன்னார்.

அந்த வாரம் வனத்துறைக்காரர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே, எப்போது, எதற்கு என்று கேட்பார்கள், போலீஸ் வரும், கூடப் போனவர்களும் மாட்டுவார்கள். அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் "முள் குத்திடுச்சு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். காரைச் செடியால்தான் காரைக்குடிக்கே பெயர் வந்தது என்பார்கள். ஊர்ப் பெயரிலேயே முள் இருக்கிற சீமையில் அந்தப் பொய்யை யார் சந்தேகப்படுவார்கள்?

விடியற்காலையில் கால் முழங்கால் வரை வீங்கி, பல் ஈறில் ரத்தம். பஸ் பிடித்து ஆஸ்பத்திரி சேரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கடிபட்டுப் பதினோரு மணி நேரம். மருந்து போட்டார்கள். அதற்குள் சிறுநீர் நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

குடும்பத்துக்கு ஏதாவது உதவி கிடைக்குமா என்று மனு வந்தது. அதோடு வந்த விசாரணைக் குறிப்பைச் சுத்தப் பிரதி எடுத்தது நான். "வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் சென்றபோது பாம்பு தீண்டி" என்று இருந்தது. பங்குனி மாதம். கண்மாயில் ஆடு மாடு குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லாத வருஷம். எழுதினவருக்கும் தெரியும், கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியும், தட்டின எனக்கும் தெரியும். விதவைக்கு நாலு காசு கிடைக்கட்டும் என்றுதான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. வருத்தமெல்லாம், அந்தப் பொய்யை இறந்த பிறகு சொன்னோமே, கடிபட்ட அன்றைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லியிருந்தால் ஆள் பிழைத்திருப்பாரே என்பதில்தான்.

காட்டில் பாம்புக்குத் தப்புவது எப்படி என்று பழைய வேட்டைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அவர்கள் கம்பைத் தரையில் தட்டிக்கொண்டே நடப்பார்கள். நாயை முன்னால் விடுவார்கள். டயர்ச் செருப்பு. விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டமாட்டார்கள். அதன் மேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். உடும்புப் பொந்தில் வெறுங்கையை விடமாட்டார்கள். முயல் ஒளிகிற புதரில்தான் எலியும் ஒளியும், எலி இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும் என்பது அவர்களுக்குப் பால்பாடம். இத்தனையும் தெரிந்தவர்தான் எங்கள் உறவுக்காரரும். ஒரு நிமிஷம் முயல் மேல் கண் போனது, அவ்வளவுதான்.

இந்த நெற்றி விளக்கு இன்னும் மோசம் என்பது என் அபிப்பிராயம். அந்தக் காலத்து பெட்ரோமாக்ஸ் நாலு பக்கமும் வெளிச்சம் போடும், காலடியும் தெரியும். இது தூரத்தில் முயலின் கண்ணில் போய் அடிக்கிறது. நடக்கிறவன் கால் மட்டும் இருட்டில். நம் தைலமரக் காட்டிலும் முந்திரிக் காட்டிலும் சருகு மெத்தை மாதிரி கிடக்கிறது. கண்ணாடி விரியன் அதே சருகு நிறம். ஆள் வந்தால் மற்றப் பாம்புகள் மாதிரி அவசரமாக ஓடுகிற சுபாவமும் அதற்கில்லை. கிடந்த இடத்தில் கிடந்து குக்கர் மாதிரி சீறும். செம்புறாங்கல் மேட்டில் சுருட்டை விரியன், ஒரு முழம்கூட இருக்காது, செதிலோடு செதிலை உரசி அரம் போடுகிற மாதிரி சத்தம் காட்டும். நல்ல பாம்பாவது படமெடுத்து எச்சரிக்கும். கட்டு விரியன் ராத்திரியில் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களிடம் வருகிறது. கடித்தது பல சமயம் வலிக்கவே வலிக்காது. விடியும்போது வயிற்று வலி, கண் இமை தூக்க முடியவில்லை என்றால் அதுவாக இருக்கலாம். வேட்டைக்கே போகாத நமக்கும் இது பொருந்தும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

காரைக்கால் பள்ளியில் எங்களுக்கு "லெசோன் த ஷோஸ்" என்று ஒரு வகுப்பு உண்டு. பொருளைக் காட்டிப் பாடம் சொல்வது. ஒரு நாள் வாத்தியார் சாராயக் குடுவையில் கிடந்த விரியனைக் காட்டி "வீப்பேர்" என்றார். எல்லோரும் அலறினோம். அன்றைக்குத்தான் கால்மெத் என்ற பெயரை முதலில் கேட்டேன். 1891-இல் சைகோனில் பாஸ்தர் நிலையத்தை ஆரம்பித்த பிரெஞ்சு மருத்துவர். அங்கே ஒரு வெள்ளத்தில் நாகங்கள் ஊருக்குள் வந்து பலரைக் கடித்ததைப் பார்த்தபின் விஷமுறிவு மருந்தில் இறங்கினார். பிறகு பிரான்சில் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கும் முறையை உருவாக்கினார். சைகோன் என்றால் செட்டிநாட்டு ஆச்சிமார்களுக்கு அடுத்த தெரு மாதிரி. அங்கே கொண்டுவிற்கப் போகாத குடும்பம் குறைவு. கால்மெத்தை வேறு விதத்திலும் உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகளின் தோளில் இருக்கிற பி.சி.ஜி. தழும்பில் நடு எழுத்து அவருடையது.

அவரும் ஒரு தப்புப் பண்ணினார். நாக விஷத்துக்கு ஆன மருந்து எல்லாப் பாம்புக்கும் ஆகும் என்று நினைத்தார். ஆகாது என்று மற்றவர்கள் காட்டினார்கள். அதனால்தான் இன்று நம் நாட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலின் விஷத்தையும் சேர்த்து ஏற்றித் தயாராகிறது. அந்த விஷத்தில் பெரும்பங்கு 1978-இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலி. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கக் கூட்டிப்போனார்கள். 2023-இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். நம் ஊரில் வேட்டை என்றால் வீரம் என்கிறோம். என் கணக்கில் வீரர்கள் இவர்கள்தான்.

நாலுக்கும் ஒரே மருந்து என்பதால், கடித்த பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. அதைத் தேடுவதில் நேரம் போகும். இன்னொருவர் கடிபடவும் கூடும். டாக்டர் ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் ஆடாமல் வைப்பார். உறையாவிட்டால் விரியன் வேலை என்று தெரிந்துவிடும். கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கெடுதலே. மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிப்போக வேண்டும். இப்போது 108 இருக்கிறது.

மந்திரித்துப் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். சாரை கடித்தாலும் தண்ணீர்ப்பாம்பு கடித்தாலும் பிழைக்கத்தான் செய்வார்கள். விஷப்பாம்பே கடித்தும் விஷம் இறக்காமல் விடுவதும் உண்டு. மந்திரித்தவருக்குப் பெயர் கிடைத்தது அவர்களால்.

2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் 12 லட்சம் பேர் பாம்புக் கடியில் செத்திருப்பார்கள் என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சுமார் 58,000. இவர்களில் எத்தனை பேர் "தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள்", எத்தனை பேர் "முள் குத்தியவர்கள்" என்று குமாஸ்தா புத்தி கேட்கிறது. 2024 நவம்பரில் நம் மாநில அரசு, பாம்புக் கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல காரியம். மருந்து எங்கே எவ்வளவு வேண்டும் என்று கணக்குத் தெரியும். ஆனால் "தெரிவிக்க வேண்டும்" என்ற சொல் கிராமத்துக் காதில் "போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும்" என்று விழும். இது சுகாதாரத் துறைக்கான கணக்கு, உன் வலையையும் கம்பையும் பற்றியது அல்ல என்று ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். வேட்டையைப் பிடிக்க வனத்துறை இருக்கிறது. அதைக் காட்டில் பிடிக்கட்டும். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து யாரும் முயலைப் பற்றிக் கேட்கக்கூடாது.

டீக்கடைப் பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. போகாதே என்றேன். கேட்கிற முகமாக இல்லை. "சரி, பாம்பு கடித்தால் என்ன சொல்வாய்?" என்றேன்.

"வெறகு பொறுக்கப் போனேன்னு சொல்லிக்குவேன் ஐயா."

"அதையே சொல். ஆனால் கடித்த உடனே, டாக்டரிடம் போய்ச் சொல். எத்தனை மணிக்குக் கடித்தது என்பதை மட்டும் மாற்றிச் சொல்லாதே."

அவன் சிரிப்பு நின்றது. விளக்கை அணைத்துப் பைக்குள் போட்டான். "அந்த ஐயாவுக்கு அன்னிக்கு எத்தனை மணிக்குக் கடிச்சுச்சு?" என்றான். அவர் கதை அவன் வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள் போல.

"பத்து மணிக்கு" என்றேன்.