விழுந்தவரைத் தூக்கி இருத்தாதீர்கள்

மாங்காய் பறிக்க ஏறியவர் கொப்பு முறிந்து விழுகிறார். ஓடு மாற்றப் போனவர் கூரையிலிருந்து சறுக்குகிறார். வீதி விபத்துகளைப் போலவே இப்படியான விழுகைகளாலும் நம் ஊர்களில் முள்ளந்தண்டு முறிகிறது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வருபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே.

முள்ளந்தண்டு என்புகளுக்கு நடுவே முண்ணாண் செல்கிறது. சின்னவிரல் தடிப்புத்தான். மூளையின் கட்டளை கை கால்களுக்குப் போவதும், உணர்ச்சி மூளைக்குத் திரும்புவதும் அதன் வழியாகத்தான். முறிந்த என்பு பொருந்தும்; அறுந்த முண்ணாண் மீண்டும் பொருந்தாது. ஆனால் என்பு முறிந்த எல்லோருக்கும் முண்ணாண் சேதமாவதில்லை. முறிந்த துண்டு விலகி அதை நசுக்கினால்தான் ஆபத்து. ஒருவர் கக்கத்திலும் இன்னொருவர் காலிலும் பிடித்து, உடம்பை வளைத்து ஓட்டோவுக்குள் ஏற்றும்போது அதுவும் நடந்துவிடலாம். சோடா பருக்கத் தலையை நிமிர்த்துவதும் அப்படித்தான். (யார் விழுந்தாலும் சோடாவுக்கு ஓடும் பழக்கம் நம்மிடம் எங்கிருந்து வந்ததோ!)

கழுத்திலோ முதுகிலோ நோ, கால் விறைப்பு, விரலை அசைக்க முடியாமை, சிறுநீர் போவது தெரியாமை ஆகியவை அடையாளங்கள். காலைக் கிள்ளியும் நோகவில்லை என்றால் ஆறுதலடைய வேண்டாம்; அதுவே பெரிய அபாயம். அவரைக் கிடந்தபடியே விடுங்கள். தலை அசையாதபடி இரு பக்கமும் கைகளால் பிடித்துக்கொண்டு, 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் கட்டணமில்லை. வாந்தி எடுத்தால் மூன்று நான்கு பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், மரக்குற்றியை உருட்டுவது போலப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். வாகனம் வரவே வழியில்லை என்றால் மட்டும் கதவுப் பலகை போன்ற தட்டையான ஒன்றில் கிடத்திக் கொண்டு செல்லலாம்.

கால்கள் செயலிழந்த நிலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்படுபவருக்கு அடுத்த எதிரி படுக்கைப் புண். உணர்ச்சி இல்லாத தோல் அழுந்துவது அவருக்குத் தெரியாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இதை ஒரு தாயோ மனைவியோ தனியே செய்ய முடியாது. வீட்டிலுள்ள ஆண்களும் முறை வைத்து எழும்பட்டும். குதி, இடுப்பு, பிட்டம் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தம் நீங்கியும் மாறாவிட்டால் அந்தப் பக்கம் படுக்க விடாமல் தாதியிடம் காட்டுங்கள். விறைத்த காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். வெந்தாலும் அவருக்குத் தெரியாது.