பெரியவர்களுக்கு ஒரு தண்ணீர்ப்பந்தல்



பால்மரம் இலை உதிர்க்கத் தொடங்கினாலே நமக்குத் தெரியும், வெயில் காலம் வந்துவிட்டதென்று. பாடப் புத்தகத்தில் சித்திரை, வைகாசி என்று கோடையைப் படித்தோம். ஆனால் பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிஸிலும் நம்மைச் சுடுகிற மாதங்கள் வேறு. ஆண்டு பிறந்ததும் மழை ஒதுங்கிவிடும். மார்ச் வரை, சில ஆண்டுகளில் ஏப்ரல் வரை, வெயில் வாட்டி எடுக்கும். மரத்தில் இலை இல்லை, காட்டில் நிழல் இல்லை, வாளியில் பாலும் குறைவு.

இந்தப் பகுதியில் வழக்கமாகச் சம்பளம், வீடு, சேமநிதி என்று பேசுவோம். இன்று பேசப்போவது சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களைப் பற்றி. முப்பது, நாற்பது ஆண்டு பால் வெட்டியும், செம்பனைக் குலை சுமந்தும் ஓய்ந்துபோன நம் தாய் தந்தையரைப் பற்றி. தோட்டம் துண்டாடப்பட்டபின் மலிவு விலை அடுக்குமாடியில் குடியேறியவர்களும் இதில் சேர்த்தி. அவர்கள் வேலைநிறுத்தம் செய்யமாட்டார்கள், மனுப் போடமாட்டார்கள். அதனால் அவர்கள் குறை யார் காதிலும் விழுவதில்லை.

ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச் மாதத்து நண்பகல். ஒரு பாரத்தில் கைநாட்டு வாங்க ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியின் மேல்தளம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். திருட்டுப் பயத்தால் சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பாட்டி தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து என் அப்பாவின் பெயரைச் சொல்லி, "பிரட்டுக்கு நேரமாச்சா?" என்று கேட்டார்.

"வயசாயிருச்சு, ஞாபகம் தடுமாறுது" என்று நான் நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள்தான் எட்டிப் பார்த்துப் பதறினார். துண்டை நனைத்துக் கழுத்திலும் கையிலும் ஒற்றி எடுத்தார். சன்னலைத் திறந்தார். பாட்டியை நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார். கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். உடம்பில் தண்ணீர் வற்றிப்போய்விட்டது என்றார் டாக்டர். மாலையில் பாட்டிக்கு நான் யாரென்று நன்றாகவே தெரிந்தது. மேடை ஏறி எத்தனையோ பேசியிருக்கிறேன். கண்ணெதிரே நடந்ததை அடையாளம் காண எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம்தான் இன்று என்னை எழுத வைக்கிறது.

"ஏம்மா, தண்ணி குடிக்கக்கூடாதா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைத் தாய்மார்கள் எல்லாரும் புரிந்துகொள்வீர்கள். "பால் வெட்டப் போறப்ப தண்ணி குடிச்சா காட்டுல எங்க தம்பி ஒதுங்குறது? அப்பவே அடக்கிப் பழகிட்டேன். இப்ப முட்டி வலி. தண்ணி குடிச்சா எத்தனை தடவ எந்திரிச்சுப் போறது?"

தோழர்களே, சிந்தித்துப் பாருங்கள்! வெட்டுக்காட்டில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை இல்லாத குறை, வேலையை விட்டு இருபது ஆண்டு கழித்தும் அந்தத் தாயின் உடம்பைப் பிடித்து ஆட்டுகிறது.

வயதானவர் உடம்பு வேறு என்பதை நாம் முதலில் உணரவேண்டும். வயது ஏற ஏறத் தாகம் குறைந்துவிடும். உடம்புக்குத் தண்ணீர் தேவைப்படும், நாக்கு கேட்காது. வியர்வை சரியாக வராது, அதனால் உடம்புச் சூடு தணியாது. சிறுநீரகமும் தண்ணீரைத் தேக்கி வைக்கும் சக்தியை இழந்திருக்கும். இரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் போக்குபவை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் உடம்புத் தண்ணீர் சீக்கிரம் வற்றும். ஆகவே "தாகம் எடுத்தா குடிப்பாங்க" என்று விட்டுவிடுவது பெரும் தவறு.

இது ஏதோ சின்ன விஷயம் என்று எண்ணவேண்டாம். 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் வெப்பம் 40.1 பாகை செல்சியசைத் தொட்டது. 2016 ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவின் இரண்டு மாவட்டங்களிலும் வெயிலுக்குப் பயந்து பள்ளிகளையே மூடினார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றினோம், நல்லது. அதே நாட்களில் தகரக் கூரையின் கீழ் பாயில் படுத்திருந்த தாத்தாவை யார் போய்ப் பார்த்தோம்?

பணக்கார நாடுகளும் இதில் பாடம் படித்திருக்கின்றன. 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் நாட்டை வெப்ப அலை தாக்கியபோது ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். அது அங்கே விடுமுறை மாதம். பிள்ளைகள் வெளியூர் போயிருக்க, பெரியவர்கள் பலர் வீட்டில் தனியாக இருந்தார்கள். 1995-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு வார வெயிலில் 700 பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கேயும் தனியாக வாழ்ந்த முதியவர்களே அதிகம் பலியானார்கள். அக்கம்பக்கம் நடமாட்டமும் பழக்கமும் இருந்த வட்டாரங்களில், ஏழைகளாக இருந்தும், சாவு குறைவாக இருந்ததை ஆராய்ந்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

இதிலிருந்து தெரிவதென்ன? வெயில் பாதி எமன், தனிமை மீதி எமன். எனவே மருந்தும் இரண்டு: ஒன்று தண்ணீர், மற்றொன்று துணை.

முதலில் தண்ணீரையும் வெயிலையும் பற்றிச் செய்யவேண்டியவை. இதை வீட்டுப் பிள்ளைகள் உரக்கப் படித்துப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

1. மணிக்கணக்கு வைத்துத் தண்ணீர் கொடுங்கள். எழுந்ததும் ஒரு குவளை, சாப்பாட்டோடு ஒன்று, இடையிடையே ஒன்று என்று நாளுக்கு எட்டுக் குவளைக்குக் குறையாமல் போகட்டும். மோர், பார்லித் தண்ணீர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்று டாக்டர் தண்ணீரை அளந்து கொடுத்திருந்தால் அவர் சொன்ன அளவே அளவு. வெயில் காலத்தில் அதை மாற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. கள்ளும் சம்சுவும் சூட்டைத் தணிக்கும் என்பது பொய். குடி உடம்பிலுள்ள தண்ணீரையும் வெளியேற்றிவிடும். சீனி கொட்டிய தே தாரிக்கை மட்டும் நம்பியிருப்பதும் நல்லதல்ல.

3. வெயில் ஏறுமுன் வெளிவேலையை முடித்துவிடுங்கள். இது பால்மரமே நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம். இருட்டோடு போய் வெட்டினால்தான் பால் ஓடும், சூடு ஏறினால் நின்றுவிடும். கடை கண்ணி, கோயில், கிளினிக் எல்லாம் காலை பத்து மணிக்குள். மாலை நாலு மணிவரை நிழலில் இருக்கவேண்டும்.

4. காற்றாடி மட்டும் போதாது. வீட்டுக்குள் அனலாக இருக்கும்போது காற்றாடி அந்த அனலைத்தான் மேலே வீசும். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு காற்றாடியின் முன் உட்கார்ந்தால் உடம்பு குளிரும். வெயில் விழும் பக்கத்துச் சன்னலுக்குப் பழைய சேலையைத் திரையாகக் கட்டுங்கள். பொழுது சாய்ந்ததும் சன்னலைத் திறந்துவிடுங்கள்.

5. வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி கொடுத்துக்கொண்டே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

6. குழாயில் தண்ணீர் நிற்கும் நாளுக்கும் சேமித்து வையுங்கள். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பழுதுபார்த்தபோது பினாங்கில் நாள்கணக்கில் தண்ணீர் தடைப்பட்டது நினைவிருக்கும். சேமிக்கும் தொட்டியை மூடி வையுங்கள். இல்லையேல் ஏடிஸ் கொசு அதில் குடித்தனம் நடத்தும்.

அடையாளங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். தலைச்சுற்றல், தலைவலி, கெண்டைக்கால் இழுப்பு, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது இவை முதல் எச்சரிக்கை. உடனே நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுக்கவேண்டும். பேச்சுக் குழறல், ஆளைத் தெரியாமல் உளறல், உடம்பு நெருப்பாய்க் கொதித்தல், வலிப்பு, மயக்கம் இவை வந்தால் உயிருக்கு ஆபத்து. 999-க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பனடோல் கொடுத்தால் இந்தச் சூடு இறங்காது. "வயசாயிருச்சு" என்று நான் நினைத்ததுபோல் நீங்கள் நினைத்துவிடாதீர்கள்.

இனி இரண்டாவது மருந்துக்கு வருவோம்.

லயத்தில் வாழ்ந்த காலத்தில் யாரும் தனியாக இல்லை. வாசலில் உட்கார்ந்தால் பத்துப் பேர் போகவர "என்னா தாத்தா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள் காலைச் சுற்றும். திருவிழா என்றால் பெரியவர்கள்தான் முன்னால் நிற்பார்கள். லயத்து வீடு வசதியானது என்று நான் சொல்லவில்லை. அதை மாற்றத்தானே போராடினோம்! ஆனால் வீடு மாறியபோது வாசலும் போய்விட்டது. மின்தூக்கி பழுதாகிவிட்டால் மேல்மாடித் தாத்தாவுக்கு அந்த வீடே சிறை.

ஆகவே வாசலை நாமே மறுபடியும் உண்டாக்கவேண்டும். பெரிய செலவு ஒன்றுமில்லை. கோயில் மண்டபமோ, தோட்டத்து மண்டபமோ, அடுக்குமாடியின் கீழ்த்தளமோ, நிழலும் காற்றும் உள்ள ஓர் இடம் போதும். வெயில் உச்சியில் நிற்கும் பதினொன்று முதல் மூன்று மணிவரை பெரியவர்கள் அங்கே கூடட்டும். ஒரு பானைத் தண்ணீர், ஒரு பானை மோர். தாயம், பல்லாங்குழி, மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை உரக்கப் படிக்கட்டும். நான் தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் எழுத்தறியாத பெரியவர்களுக்குப் பத்திரிகை படித்துக் காட்டித்தான் எனக்கே தமிழ் சரளமாக வந்தது. பதிலுக்குப் பெரியவர்கள் தங்கள் கதையைச் சொல்லட்டும். இன்று நிபோங் திபாலிலும் பத்து காவானிலும் தொழிற்சாலை நிற்கிற இடத்தில் எந்தத் தோட்டம் இருந்தது, யார் வெட்டினார்கள் என்பதை வேறு யார் சொல்லுவார்கள்?

ஜார்ஜ் டவுன் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1884 முதல் நிழல் தருகிற மரங்கள் அங்கே உண்டு. விடியற்காலையில் நாலைந்து பேராகச் சேர்ந்து மெதுவாக நடந்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

அரசாங்கத்தின் வசதிகளையும் விடக்கூடாது. சமூகநலத் துறையின் ஆதரவில் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் உள்ளன. மலாயில் சுருக்கமாகப் பாவே என்பார்கள். அறுபது வயதானவர் சேரலாம். அரசாங்கக் கிளினிக்குகள் பலவற்றோடு முதியோர் சங்கமும் இணைந்திருக்கிறது. அங்கே இரத்தக் கொதிப்பு, சீனி பார்ப்பதோடு உடற்பயிற்சியும் நடக்கும். ஆதரவற்ற ஏழை முதியோருக்கான மாத உதவித்தொகை 2025-இல் 600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. தகுதியிருந்தும் பாரம் நிரப்ப ஆளில்லாமல் இருப்பவர்கள் நம்மில் உண்டு. மலாய் எழுதத் தெரிந்த இளைஞர்கள் ஒரு மாலை நேரத்தை அவர்களுக்குத் தரக்கூடாதா?

கிளைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்திலும் குடியிருப்பிலும் தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். வானிலைத் துறை 35 பாகைக்கு மேல் மூன்று நாள் தொடரும் என்று எச்சரித்தால், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கதவைத் தட்டிப் பார்க்கவேண்டும். நிர்வாகத்தோடு பேசப்போகும்போது வெட்டுக்காட்டில் குடிதண்ணீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் கேளுங்கள். இன்று வேலை செய்கிற மகள், நாளை தண்ணீருக்குப் பயப்படும் பாட்டியாக ஆகக்கூடாது.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். "பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது" என்று வாயைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். தண்ணீர் கேட்பது தொந்தரவு அல்ல. ஒரு கை பிடித்து எழுப்பிவிடச் சொல்வது தொந்தரவு அல்ல. நீங்கள் வெட்டிய மரத்தில்தான் நாங்கள் படித்தோம், வளர்ந்தோம்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். முன்பின் தெரியாதவருக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டு மோர் கொடுக்கிறோம். அந்தக் கை நம் கைதானே? பந்தலைப் பிரித்தபின்னும் வெயில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார்.

இன்று மாலை வேலை முடிந்து வரும்போது அந்தக் கதவைத் தட்டுங்கள். ஒரு குவளை தண்ணீரைக் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.