வரலாற்றைச் சொன்னால் வெறுப்பு வளருமா? 'ஒன் பீஸ்' பார்க்கும் தம்பி தங்கைகளோடு ஒரு விவாதம்

மீன்மனிதர் தீவில் ஃபிஷர் டைகர் செய்தது சரியா, அரசி ஒட்டோஹிமே செய்தது சரியா? மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பேருந்து வரும்வரை பேசுவார்கள். பேருந்தில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடியும் பேசுவார்கள். 'ஒன் பீஸ்' ஜப்பானில் 1997-இல் ஐச்சிரோ ஓடா தொடங்கிய படக்கதை; 1999 முதல் அனிமேஷன் தொடராகவும் வருகிறது. இன்னும் முடியவில்லை. நம் பிள்ளைகளில் பலர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கதை இது.

'பொம்மைப் படம் பார்த்துக் கெட்டுப் போகிறார்கள்' என்று நம் இயக்கத்துப் பெரியவர்கள் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இந்தப் பிள்ளைகள் அந்தத் தொடரைப் பார்க்கும் விதமே வேறு. ஓரமாக வந்து போகும் ஒரு கல்வெட்டு, ஒரு பெயரில் இருக்கும் ஓர் எழுத்து, பத்து ஆண்டுகளுக்கு முன் யாரோ சொன்ன ஒரு வாக்கியம் என எல்லாவற்றையும் கோத்து 'இதுதான் நடந்திருக்கும்' என்று வாதாடுகிறார்கள். எதிர்த்தரப்பு ஆதாரம் கேட்டால் அத்தியாய எண்ணோடு சொல்கிறார்கள். முதுகலையில் எங்களுக்குச் சமூகவியல் ஆய்வுமுறை என்று எதைக் கற்பித்தார்களோ, அதைத்தான் இவர்கள் ஆசிரியர் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கதையைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த உலகத்தின் உச்சியில் 'விண்ணுலக டிராகன்கள்' என்றொரு கூட்டம் வாழ்கிறது. உலக அரசை உருவாக்கிய அரசர்களின் வழிவந்தவர்கள் என்பதே அவர்களுடைய தகுதி. கீழே இறங்கி வந்தால் தலையைச் சுற்றி ஒரு குமிழியை மாட்டிக்கொள்கிறார்கள். சாதாரண மக்கள் விட்ட மூச்சுக்காற்றைத் தாங்கள் இழுத்துவிடக் கூடாதாம். அவர்கள் தெருவில் வந்தால் எல்லோரும் மண்டியிட வேண்டும். மனிதர்களையும் மீன்மனிதர்களையும் ஏலத்தில் எடுத்து முதுகில் சூடு போட்டு அடிமையாக வைத்துக்கொள்கிறார்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மேலத்தெருவைக் கடந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குமிழி என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓடா சாதியை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஜப்பானுக்குத் தீண்டாமை தெரியாதது அல்ல. தோல் வேலை, கால்நடை அறுப்பது போன்ற தொழில்களைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட புராக்குமின் மக்கள் அங்கே இருக்கிறார்கள். 1871-இல் சட்டப்படி அவர்களுக்கு விடுதலை அறிவித்தார்கள். ஆனாலும் ஒதுக்கல் தொடர்ந்தது. 1922-இல் கியோட்டோ நகரில் 'சுய்ஹெய்ஷா' என்ற அமைப்பைத் தொடங்கி அவர்களே தங்கள் விடுதலையைக் கையில் எடுத்தார்கள். மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளியதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

இனி டைகர் – ஒட்டோஹிமே வழக்குக்கு வருவோம். ஃபிஷர் டைகர் ஒரு மீன்மனிதர். அடிமையாக இருந்து தப்பியவர். தப்பியதோடு நிற்காமல் திரும்பிப் போய், அந்த உச்சியில் ஏறி, மனிதர் மீன்மனிதர் என்று பார்க்காமல் அடிமைகளை விடுவித்தார். சூடு போட்ட தழும்பை மறைக்க அதன்மேல் சூரிய முத்திரையைப் பதித்தார். அடிமையாக இருந்திராத தோழர்களும் அதே முத்திரையைத் தங்கள் உடம்பில் போட்டுக்கொண்டார்கள். யார் அடிமையாக இருந்தவர், யார் இல்லை என்று எவராலும் பிரித்தறிய முடியாமல் போனது. ஒட்டோஹிமே வேறு வழியில் போனவர். மேலே போய் மனிதர்களோடு சேர்ந்து வாழ்வோம் என்று தெருத்தெருவாகப் பேசிக் கையெழுத்து வாங்கினார். பெட்டி பெட்டியாகச் சேர்ந்த கையெழுத்துகளை எரித்தார்கள். அவரையும் சுட்டுக் கொன்றார்கள். திங்கள்கிழமை தோறும் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போய்த் திரும்பும் நம் தாய்மார்களுக்கு அந்தப் பெட்டிகளின் கனம் தெரியும்.

டைகர் சாகும் இடம்தான் எல்லோரும் சண்டை போடும் இடம். கோவாலா என்ற மனிதச் சிறுமியும் அடிமையாக இருந்து மீண்டவள். அவளை அவளுடைய ஊரில் கொண்டுபோய் விட்டுத் திரும்பும்போது, ஊர்க்காரர்கள் காட்டிக்கொடுத்ததால் டைகர் சுடப்படுகிறார். மனித ரத்தம் ஏற்றினால் பிழைப்பார். வேண்டாம் என்கிறார். தன்னால் மனிதரை நேசிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால், நமக்கு நடந்ததைத் தீவில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறார். வருங்காலப் பிள்ளைகளிடம் வெறுப்பு தொற்றிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

பிறகு வருகிறான் ஹோடி ஜோன்ஸ். மனிதரை அடியோடு வெறுக்கிறவன். மனிதர்கள் உனக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால் அவனிடம் பதில், 'ஒன்றும் இல்லை'. மூத்தவர்களின் ஆத்திரம் மட்டும் அவனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை வைத்து ரசிகர்களில் பெரும்பாலோர் எடுக்கும் முடிவு: "பழசைப் பேசினால் ஹோடிதான் உருவாவான். மறந்துவிடுவதே நல்லது."

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி இதையே சொன்னான். "அக்கா, டைகர் சொன்னதுதான் கரெக்ட். நமக்கு நடந்ததையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தா நாமளும் அவங்க மாதிரிதானே ஆயிடுவோம்?" நான் பதில் சொல்வதற்குள் பி.ஏ. வரலாறு படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: "நமக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாடா? மொதல்ல அதைச் சொல்லு, அப்புறம் மறக்கலாம்." அவனுக்குத் தெரியவில்லை. வெண்மணி என்றால் டிசம்பரில் சுவரொட்டி ஒட்டுவார்களே, அது என்ற அளவில் தெரிந்திருந்தது. வரலாற்றைத் தேடிய குற்றத்துக்காக ஓஹாரா தீவை எப்படி அழித்தார்கள், எட்டு வயது ராபின் எப்படித் தப்பினாள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. டைகரின் வேண்டுகோளை நம் ஊர்களில் பல குடும்பங்கள் நிறைவேற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. பிள்ளை படித்து மேலே போகட்டும், இந்த அவமானமெல்லாம் அதற்கு எதற்கு என்று தாத்தா பாட்டிகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

என் வாதம் இதுதான். ஹோடியை உருவாக்கியது வரலாறு அல்ல, வரலாறு சொல்லப்படாததுதான். அவன் காதுக்கு ஆத்திரம் போய்ச் சேர்ந்தது, விவரம் போய்ச் சேரவில்லை. கோவாலாவின் கதையை அவனுக்கு யாராவது முழுதாகச் சொல்லியிருந்தால், ஒரு மனிதக் குழந்தையின் முதுகிலும் அதே சூடு இருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். கோடு மனிதருக்கும் மீன்மனிதருக்கும் நடுவில் இல்லை, உடையவருக்கும் உடைமையாக்கப்பட்டவருக்கும் நடுவில் இருக்கிறது என்பது புரிந்திருக்கும். பாதி வரலாறு ஆபத்தானது என்றால், அதற்கு மருந்து மீதிப் பாதியையும் சொல்வது. டைகர் செய்தது போல மொத்தத்தையும் புதைப்பது அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்டவர்களில் கோபப்படுகிறவனை அரக்கனாகவும், மன்னிக்கிறவரைத் தெய்வமாகவும் வரைவது கதை சொல்லிகளுக்கு எளிது. நம் சினிமாவும் இதைத்தான் பல காலம் செய்தது. கோபத்துக்கு ஹோடி மட்டும்தான் முகமா? அண்ணல் அம்பேத்கரின் கோபம் 1946-இல் சூத்திரர்கள் யார் என்ற ஆய்வாக வந்தது. 1948-இல் தீண்டப்படாதோர் பற்றிய நூலாக வந்தது. அவருக்கும் முன்பே 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், பழந்தமிழ் நூல்களையும் ஊர் வழக்குகளையும் கோத்து, நம்மிடமிருந்து அழிக்கப்பட்ட பௌத்தக் கடந்தகாலத்தைத் தேடினார். 'ஒன் பீஸ்' ரசிகர்கள் 'வெற்று நூற்றாண்டு' என்று சொல்லித் தேடுகிறார்களே, அந்தத் தேடலை நூறு ஆண்டுகளுக்கு முன் நமக்காகச் செய்தவர் அவர்.

நம் வட்டாரத்தின் முழு வரலாறு எப்படிப்பட்டது? பண்ணையாள் வேலைக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடி. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. குழந்தை பிறக்கும்போதே அதுவும் பண்ணைக்கு ஆள். இது ஒரு பாதி. 1943-இல் மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் விவசாயச் சங்கக் கொடி ஏறியதும், கன்னடம் பேசும் மண்ணிலிருந்து வந்த பி.சீனிவாசராவ் சேரிகளில் தங்கி மக்களைத் திரட்டியதும், களப்பால் குப்பு போன்ற நம் மக்கள் தலைவர்களாக எழுந்ததும், 1944-இல் மன்னார்குடியில் மிராசுதார்கள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட வேண்டி வந்ததும் இன்னொரு பாதி. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது மேலேயிருந்து யாரோ இரங்கிக் கொடுத்ததல்ல. இந்தக் கதையில் லூஃபி ஒரே குத்தில் விண்ணுலக டிராகனைச் சாய்ப்பது போன்ற காட்சி கிடையாது. கூட்டம் போட்டார்கள், நடவை நிறுத்தினார்கள், அடி வாங்கினார்கள், மறுபடியும் கூட்டம் போட்டார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது. வசதியான மிராசுதார்கள் நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் வெறுப்பு குறையும் என்று சொல்பவர்களிடம் ஒரே கேள்வி: யாருடைய நிம்மதிக்காக இந்த மௌனம்?

மறதி ஒரு தரப்பில் மட்டும்தான் கேட்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். மறுபக்கம் ஆண்ட பரம்பரைப் பெருமை குறுங்காணொளிகளாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கும் இதே அனிமேஷன் காட்சிகளைத்தான் வெட்டி ஒட்டுகிறார்கள். கர்ஜிக்கும் லூஃபிக்குப் பின்னால் சாதிப் பாட்டு ஓடுகிறது. எல்லோருக்கும் தன்னை லூஃபியாக நினைத்துக்கொள்ளப் பிடிக்கும். குமிழியை மாட்டியிருப்பவன் தான்தான் என்று எவனும் நினைப்பதில்லை.

'அட்டாக் ஆன் டைட்டன்' பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் ஒதுக்கப்பட்ட எல்டிய மக்கள் கையில் பட்டை கட்டாமல் வெளியே வரக் கூடாது. அதைப் பார்த்துக் கண் கலங்கும் மாணவன், பள்ளிக்கு வரும்போது தன் சாதி நிறத்தில் கயிறு கட்டி வருகிறான். அந்தக் கதையில் பட்டையை அதிகாரம் கட்டிவிடுகிறது. இங்கே பெருமைக்காகத் தானே கட்டிக்கொள்கிறான். கயிறு கட்டாத கை யாருடையது என்று கண்டுபிடிக்கவும் அதுவே வழி. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே நம் மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. அந்த அறிக்கையை நம் மாணவர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? ஒரு அத்தியாயத்தை வரிவரியாகப் பிரித்து மேய்கிறவர்களுக்கு அது பெரிய வேலையே அல்ல.

2025-இல் வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோட்டுக் கொடி இந்தோனேசியாவிலும், பிறகு நேபாளத்திலும் போராட்டங்களில் பறந்ததைப் பார்த்தோம். நம் பிள்ளைகள் பலரும் அதைப் பெருமையோடு பகிர்ந்தார்கள். எனக்குப் பிடித்தது மடகாஸ்கர் இளைஞர்கள் செய்தது. அவர்கள் அந்தக் கொடியை அப்படியே தூக்கவில்லை. வைக்கோல் தொப்பியை எடுத்துவிட்டுத் தங்கள் நாட்டு மக்கள் போடும் தொப்பியை வரைந்தார்கள். வெளியிலிருந்து வந்த கதையைத் தங்கள் ஊர்க் கதையாக மாற்றிக்கொண்டார்கள்.

டெல்டாவில் நாம் செய்யக்கூடியது என்ன? எங்கள் மையத்தில் அந்தத் தங்கை ஒரு யோசனை சொன்னாள், தொடங்கியும் விட்டோம். ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் எழுபது வயது தாண்டிய ஒருவரிடம் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். கூலி நெல்லை எந்த மரக்காலில் அளந்தார்கள், வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது வேறு மரக்காலா, தேநீர்க் கடையில் எப்போது முதன்முதலில் உள்ளே உட்கார்ந்தீர்கள், கூட நின்ற மற்ற சாதிக்காரர் யார், காட்டிக்கொடுத்த நம்மவர் யார் என்று எல்லாவற்றையும் கேட்க வேண்டும். நமக்குச் சாதகமானதை மட்டும் கேட்டால் மறுபடியும் ஹோடிக்குத்தான் வேலை செய்வோம். இருவர் சொல்வது முரண்பட்டால் மூன்றாவது ஆளைத் தேட வேண்டும். இது உங்களுக்குப் பழகிய வேலைதான்.

டைகர்தான் சரி என்ற அந்தத் தம்பி தன் ஆயாவைப் பதிவு செய்துகொண்டு வந்தான். பதினெட்டு நிமிடம். நடுவில் ஓரிடத்தில் ஆயா பேச்சை நிறுத்திவிட்டு, "இதெல்லாம் உனக்கு எதுக்குடா சாமி" என்கிறார். அவன், "சொல்லு ஆயா, நான் கேக்குறேன்" என்கிறான். அப்புறம் அவர் சொல்லத் தொடங்குகிறார்.

அண்ணல் மனுஸ்மிருதியை எரித்ததும் 1927-இல் ஒரு டிசம்பர் 25-ஆம் நாள்தான். வரும் டிசம்பர் 25 அன்று வெண்மணிக்கு வாருங்கள். கையில் இருக்கும் பதிவுகளோடு வாருங்கள். டைகரா ஒட்டோஹிமேயா என்ற வழக்கையும் அங்கேயே உட்கார்ந்து பேசித் தீர்ப்போம்.

ஜெய் பீம்!