கம்பியில்லாச் செய்தியும் கடைசி வீடும்

விஞ்ஞானம் வளர்ந்துவிட்டதென்று மார்தட்டுகிறார்கள். மெய்தான். 'லோரா' என்னும் வானொலி முறையில், ஆற்றங்கரையெங்கும் நட்ட நூற்றுக்கணக்கான சிறு கருவிகள் பல கிலோமீற்றர் தொலைவுக்கு நீர்மட்டத்தை அறிவிக்கலாம். ஒவ்வொன்றும் அனுப்புவது சில இலக்கங்களே. ஆகவே சிறு மின்கலம் ஆண்டுக்கணக்கில் போதும். ஒரே நேரத்தில் பல கருவிகள் பேசினாலும், அலைகளைப் பரப்பும் விதம் வேறுபட்டால், ஒரே கோபுரம் அவற்றைப் பிரித்தறியும்.

களனி கங்கையின் குரலைக் கொழும்பு கேட்க இது போதும். கொழும்பு கேட்டதைக் கொச்சிக்கடைத் தோட்டத்துக் கடைசி வீட்டுக்குச் சொல்வது யார்?

தகவற் பஞ்சமே குறையென்பவர்களுக்கு நாம் ஒன்றை நினைவூட்டுகிறோம். 2019 ஏப்ரல் 4இல் தாக்குதல் பற்றிய எச்சரிக்கை அரசின் கைக்கு வந்தது. ஏப்ரல் 21இல் எங்கள் அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. இடையில் பதினேழு நாட்கள்! பொறுப்பிலிருந்தோர் கடமை தவறினரென 2023இல் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அங்கே தோற்றது கருவியா?

2025 நவம்பரில் 'டித்வா' புயலால் களனி பெருகியது. மீண்டும் பெருகும். கருவிகளை நடுங்கள், வரவேற்கிறோம். ஆனால் அவை அறிவிக்கும் ஆபத்து அலுவலக மேசையோடு நின்றுவிடக் கூடாது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அந்தத் தமிழ் சட்டப் புத்தகத்தில் உறங்கினால் போதாது. வெள்ளத்துக்கு முன்னே எங்கள் வாசலுக்கு வரவேண்டும். இது சலுகையன்று, உயிர்வாழும் உரிமை!