மேடைப் பாட்டும் வீட்டு விளக்கும்

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியாயிற்றா, சகோதரிகளே? யூதக் குடும்பங்களிலும் அதே வெள்ளியன்று, சூரியன் மறையுமுன் தாய்மார்கள் ஓய்வுநாள் தீபம் ஏற்றுகிறார்கள். 1964-ல் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' என்ற இசை நாடகத்தில், அந்தத் தீபத்தின் முன்னால் பெற்றோர் தங்கள் பெண்களுக்காக வேண்டிப் பாடுகிறார்கள். மேடைப் பாட்டே பிரார்த்தனையாகிவிடுகிறது!

நம் நெல்லைச் சீமைக்கு இது புதிதல்ல. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியும் ஆடிப் பாடப் பிறந்ததுதான். பந்தாட வந்த வசந்தவல்லி, உலா வரும் குற்றாலநாதரிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். குறத்தி சிங்கி கைபார்த்துக் குறி சொல்கிறாள். பிறகு சிங்கியின் நகைகளைக் கண்டு சிங்கன் திகைத்துக் கேட்கும் கேள்விகள் இருக்கின்றனவே, அசல் புருஷன் பெண்சாதி பேச்சு! நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்வாமி நம் வீட்டு மனிதராகிவிடுகிறார். 1944-ல் ருக்மிணி தேவி இதைக் கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமாக்கினார்.

நாமோ, மலைவளப் பாட்டைப் பரீட்சைக்கு ஒப்பித்ததோடு மறந்துவிட்டோம். குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரி வரை ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. அதன் கரையில் பிறந்த பாட்டு பள்ளிக்கூடப் புத்தகத்தோடு நின்றுவிடலாமா? வருகிற வெள்ளிக்கிழமை, குழந்தைகளை விளக்கின் முன் உட்கார வைத்துப் பாடித்தான் பாருங்களேன்!